பந்தியில் நின்று கேட்ட கருத்தரங்கம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். யாராவது பொதுவாக ஒரு அறிவுரை சொன்னால், அது எனக்குப் பின்னால் நிற்பவருக்கானது என்றுதான் நாற்பத்தொரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "படியில நிக்காதீங்கப்பா" என்று கத்தினால், படியில் நின்றபடியே யார் அந்தப் பொறுப்புகெட்டவன் என்று எட்டிப் பார்ப்பேன். விமானத்தில் போனை அணைக்கச் சொன்னால் அதைப் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். (அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கவே தொடங்கியிருப்பார்.) இந்தக் குணத்தால் எனக்குப் பெரிய சேதம் ஒன்றும் வந்ததில்லை. ஒரு தொழில் கருத்தரங்கத்தில் சேரும் வரை.

வளைகுடாவில் ஒன்பது வருடம் ஒரு கம்பெனியின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரோனா வந்தது, கம்பெனி பாதி ஆளை ஊருக்கு அனுப்பியது, அந்தப் பாதியில் நான் இருந்தேன். எங்கள் ஊரான புதுக்கடையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மகள் அனன்யாவுக்கு எட்டு வயது. அவளுக்கு நான் போனுக்குள் இருக்கிற அப்பா. வந்த புதிதில் தான் வரைந்த படத்தைக் காட்ட வேண்டுமென்றால், என் மூக்கில் இடிக்கிற மாதிரி காகிதத்தை நீட்டி, "தெரியுதா அப்பா?" என்று கேட்பாள். நான் சிரிப்பேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

அந்த நாட்களில் என் மனைவி ஸ்ரீகலா பொழுது போகாமல் ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்) சீவி, தேங்காய் எண்ணெயில் வறுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். தின்றவர்கள் மறுநாள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். அப்படியே அது தொழிலாகிவிட்டது. காய் பார்த்து வாங்குவது அவள், சீவுவது அவள், வறுப்பது அவள். நான் செய்தது இரண்டு காரியம். 'ராஜன் குளோபல் எக்ஸ்போர்ட்ஸ்' என்று பெயர் வைத்தேன்; அந்தப் பெயரில் எனக்கு ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். (மாநில எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி எங்கள் சரக்கு ஒரு பொட்டலமும் அதுவரை போனதில்லை.)

ஊர் பேக்கரிகளில் சிப்ஸ் விற்றது. ஆனால் ஒரு வாரம் கேட்பார்கள், மறு வாரம் கேட்கமாட்டார்கள். இப்படியிருக்க, பழைய கம்பெனி மேனேஜர் போன் செய்தார். விசா தயார், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல், வருகிறாயா இல்லையா என்றார். நான் கலாவிடம் சொன்னேன். அன்றைக்குக் காய் சீவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. நிலையாகச் சரக்கு எடுக்கிற ஒரு ஆள் கிடைத்தால் நான் இங்கே இருக்கலாம், கிடைக்காவிட்டால் மறுபடியும் போனுக்குள் போக வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் இது தெரியும்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. நாகர்கோவிலில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒருநாள் கருத்தரங்கம். காலையில் பயிற்சி. மதியத்துக்கு முன்னால், வெளியூரிலிருந்து வரும் கடைக்காரர்கள் முன் ஒவ்வொரு நிறுவனமும் ஐந்து நிமிடம் பேசலாம். நோய்க்காலம் முடிந்து ஊர் நிமிர்ந்துகொண்டிருந்த நேரம் என்பதால், விரும்பியவர்கள் நேரில் வரலாம், மற்றவர்கள் ஆன்லைனில் சேரலாம் என்று போட்டிருந்தார்கள்.

"நேரில போவோம்," என்றாள் கலா. "ரெண்டு பொட்டலம் கொண்டு போனா நாலு பேரு தின்னு பாப்பாவ."

"ஏட்டி, காலம் மாறியாச்சு கேட்டியா. கொரோனாவுக்குப் பொறவு லோகமே ஆன்லைன்லதான் ஓடுது. நேரில போறதெல்லாம் பழைய ஏர்ப்பாடு."

"ஆன்லைன்ல அவியளுக்க வாயில சிப்ஸ எப்பிடிப் போடுவிய?"

"பிசினஸ்னா வாயில போடுறது இல்ல பிள்ளே. பிரசன்டேஷன்."

"ஒம்பது வருசம் ஆன்லைன்ல குடும்பம் நடத்தியாச்சு. ஒரு நாளு நேரில போனா தேஞ்சா போவிய?"

நான் ஆன்லைனைப் பிடித்துத் தொங்கியதற்கு உண்மையான காரணம் தொழில்நுட்பம் இல்லை. அதே நாளில் திருவட்டாறில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் சமையல்காரரின் ஆட்கள் மட்டும் விளம்பினால் போதாது. (பரிமாறுவதை நாங்கள் விளம்புதல் என்போம்.) பெண்ணின் அண்ணன் தம்பிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு பந்தியில் இறங்க வேண்டும். இறங்காதவன் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு ஒரு கரண்டியைத் தூக்கவும் ஆள் வராது. "ஒன்பது வருசம் கல்ஃபுல இருந்தான், சரி. ஊரில இருந்துட்டும் வரல்லியே" என்று பேரப்பிள்ளைகள் காலம் வரை பேசுவார்கள். ஆன்லைன் என்றால் போனைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டையும் முடித்துவிடலாம். இந்த யோசனை வந்தபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். 'ராஜன் குளோபல் எக்ஸ்போர்ட்ஸ்' பெயரில் ஆன்லைனில் பதிவும் செய்தேன்.

கல்யாணத்தன்று காலை நான் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கலா பின்னால் நின்று ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். அனன்யாவைப் பக்கத்து வீட்டு அக்காவோடு கல்யாணத்துக்கு அனுப்புவதாகவும், தான் சாயங்காலம் வந்து சேருவதாகவும் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. வறுக்கிற வேலை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னுடையது வளைகுடாவில் வாங்கிய பெரிய போன். சட்டைப்பையில் போட்டால் மேல்பாதி வெளியே எட்டிப் பார்க்கும். அவ்வப்போது குனிந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று திரை வெளிப்பக்கம் தெரியும்படி வைத்தேன். ஒரு காதில் கம்பியில்லாத இயர்போன். மைக்கை அணைத்தேன், கேமராவையும் அணைத்தேன். இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தாலிகட்டு முடிந்ததும் முதல் பந்தி. சித்தப்பா என் கையில் பருப்பு வாளியைக் கொடுத்தார். காதில் சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், "உங்கள் கனவு என்ன? கண்ணை மூடிக்கொண்டு யோசியுங்கள்" என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டு முதல் இலைக்குக் குனிந்தேன்.

"பருப்பு போடட்டா? நெய் பொறத்தால வருது. ஏலே, இஞ்ச ஒரு இலைக்குப் பப்படம் இல்லடே!"

காதில் பயிற்சியாளர் சொன்னார். "யாரோ ஒருத்தரோட மைக் ஆன்ல இருக்கு. தயவுசெஞ்சு மியூட் பண்ணுங்க."

எவனோ ஒருவன் கல்யாண வீட்டிலிருந்து கருத்தரங்கம் கேட்கிறான் போல என்று எனக்கு எரிச்சல் வந்தது. வாய்விட்டே சொன்னேன். "ஆரோ ஒரு மண்டன் மைக்க ஆஃப் பண்ணாம இருக்கான். இவனுவெல்லாம் எதுக்கு பிசினஸ் பண்ண வாறானுவ?"

இதைப் படிக்கிற உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. வாளியை நெஞ்சோடு அணைத்து நான் குனியும்போதெல்லாம் வாளி விளிம்பைப் பிடித்திருந்த கை சட்டைப்பையில் அழுந்தி, மைக்கையும் கேமராவையும் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. நாகர்கோவில் மண்டபத்தில் ஒரு ஆள் அதை அணைத்துக்கொண்டே இருந்தாராம். அவர் அணைப்பார், நான் அடுத்த இலைக்குக் குனிவேன். அவர் அணைப்பார், நான் குனிவேன். பந்தியில் நூறு இலை. ஒரு கட்டத்தில் அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சத்தம் வருகிறவர் முகம்தான் பெரிய திரையில் வரும் என்பதால், காலையில் இட்லியைத் தின்றுவிட்டு வந்த அறுபது தொழில்முனைவோர் பருப்பு, சாம்பார், எரிசேரி, அவியல் என்று ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "உங்கள் கனவு என்ன?" என்று பயிற்சியாளர் கேட்டதற்கு ஒருவர், "அந்த அவியல் சார்" என்றாராம்.

இதுவரை நடந்ததை மன்னித்துவிடலாம். அடுத்ததுதான் என்னைக் கொன்றது.

பந்தியின் நடுவில் எங்கள் சொந்தத்தில் பெரியவரான பரமு மாமா உட்கார்ந்திருந்தார். அந்தக் கல்யாணத்துக்குச் சிப்ஸ், அதாவது உப்பேரி, எங்கள் வீட்டிலிருந்துதான் போயிருந்தது. இலையின் ஓரத்தில் கிடந்ததை ஒன்றொன்றாக எடுத்துக் கடித்துவிட்டு அவர் கேட்டார்.

"எடேய் ராஜா, இந்த உப்பேரி உனக்க வீட்டுல உள்ளதா? கொள்ளாம்டே. கலாவுக்கு நல்ல கைப்பக்குவம்."

'ஆமா மாமா' என்று சொல்லிவிட்டு நான் அடுத்த இலைக்குப் போயிருக்கலாம். அடுத்த இலை ஒன்றரை அடி தூரத்தில்தான் இருந்தது.

"கைப்பக்குவம் எல்லாம் சும்மா மாமா. அவளுக்குச் சீவத் தெரியும், வேற என்ன தெரியும்? கம்பெனி ஓடுறது எனக்க மூளையில. இப்பக்கூட பாருங்க, இஞ்ச பருப்பும் விளம்பியாச்சு, அங்க நாகர்கோவில்ல ஒரு செமினார்லயும் இருக்கேன். அந்தப் பேசுற ஆளு காலையிலேருந்து கனவு கனவுன்னு அறுக்கான் மாமா. ஜென்மத்துல ஒரு கட்டன்சாயாகூட வித்திருக்க மாட்டான்."

மாமா சிரித்தார். காதில் திடீரென்று சத்தமே இல்லை. பயிற்சியாளர் பேச்சை நிறுத்திவிட்டார். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து, "எழவு நெட்டு" என்று வேறு சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்குரல் கேட்டது. "அடுத்து, ராஜன் குளோபல் எக்ஸ்போர்ட்ஸ். ஆன்லைன்ல இருக்காங்க. ஐந்து நிமிஷம்." அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. என் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது என் கையில் புளிசேரி (மோர்க்குழம்பு) வாளி. வைக்க நேரமில்லை. வாளியோடு பந்தியைவிட்டு ஓடினேன். பின்னால் சித்தப்பா, "எங்கடே சாடுற? புளிசேரிய வச்சுட்டுப் போடே!" என்று கத்தினார். (அதையும் வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்தேன்.) கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் வாழைத்தோட்டம். அங்கே நின்று, வியர்வையைத் துடைத்து, போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இனி மைக்கைத் திறக்க வேண்டும் என்று நினைத்து அதற்கான பொத்தானை மிகுந்த கம்பீரத்தோடு ஒரு தட்டு தட்டினேன்.

பந்தி முழுவதும் திறந்து கிடந்த மைக் அப்போதுதான் மூடியது.

பேசினேன். ஒரு வாரமாகக் குளியலறையில் பழகிய பேச்சு. உலகச் சந்தை, இயற்கை முறை, தரக் கட்டுப்பாடு என்று அடுக்கினேன். காதில், "சார், மியூட்ல இருக்கீங்க" என்றது அந்தப் பெண்குரல். அந்த மண்டன் ஒரு வழியாக மியூட்டில் போய்விட்டான், நல்லது என்று மேலே பேசினேன். "சார், கேக்கல... சார்..." என்றது. எனக்குக் கோபம் வந்தது. என்னுடைய ஐந்து நிமிடத்தில் இன்னொருவனோடு என்ன பேச்சு? இன்னும் உரக்கப் பேசினேன். ஒரு கையில் வாளி, ஒரு கையில் போன். உணர்ச்சி மேலிட்டு வாளிக்கையை உயர்த்தியதில் புளிசேரி என் தோளில் வழிந்தது.

அப்போதுதான் திரையில் நாகர்கோவில் மண்டபம் தெரிந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து முன்னால் வந்தாள். பச்சைப் பட்டு, தலையில் பிச்சிப்பூ, கையில் ஒரு பெரிய துணிப்பை. இவளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று இரண்டு விநாடி யோசித்தேன். பதினான்கு வருடம் கூடக் குடும்பம் நடத்தியவளை!

கலா மைக்கைக் கையில் வாங்கினாள்.

"வணக்கம். இந்தா படத்துல வாயசைச்சுட்டு நிக்காருல்லா, அவரு எனக்க வீட்டுக்காரரு."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு என் காதுக்குள் வெடித்தது. நான் வாயை மூடினேன். அறிவிப்புகள் எல்லாம் யாருக்காகச் சொல்லப்பட்டவை என்பது, நாற்பத்தொரு வருடத்துப் பாக்கியும் சேர்த்து, வாழைத்தோட்டத்தில் வைத்து எனக்கு விளங்கியது. ஓடி ஒளியலாம் என்றால் கேமராவை எப்படி அணைப்பது என்றும் மறந்துவிட்டது. வாளியோடு அப்படியே நின்றேன்.

"அவரு சொன்னது எல்லாரும் கேட்டிய. எனக்குச் சீவத்தான் தெரியும்," என்றாள் கலா. "அதனால பேச ஒண்ணும் கொண்டு வரல்ல. சீவினத கொண்டு வந்திருக்கேன். தின்னு பாருங்க."

பையைப் பிரித்தாள். காகிதத் தட்டுகளில் போட்டு வரிசை வரிசையாகக் கொடுத்தாள். ஒரு மணி நேரமாகத் திரையில் கல்யாணச் சாப்பாட்டைப் பார்த்து நொந்துபோயிருந்த கூட்டம் அது. அடுத்த ஒரு நிமிடம் என் காதில் மொறுமொறு சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை தட்டு நீட்டினவர்களில் அந்தப் பயிற்சியாளரும் இருந்தார். (கலா அவருக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டாளாம். என் சார்பில் பிராயச்சித்தம்.)

கோவைப் பக்கம் கடைகள் வைத்திருக்கும் ஒரு அம்மா எழுந்து கேட்டார். "வாராவாரம் இதே ருசியில தர முடியுமா?"

பிரசன்டேஷன் முறைப்படி 'கண்டிப்பாக' என்று சொல்ல வேண்டும். என் பேச்சிலும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

கலா யோசித்தாள். "மழைக்காலத்துல காய்க்கு நீர் கூடும் அம்மா. அப்ப கொஞ்சம் மாறும். மாறினா முன்னால சொல்லுவேன். சொல்லாம அனுப்ப மாட்டேன்."

அந்த அம்மா உட்காரவில்லை. தன் போன் நம்பரை எழுதிக் கலாவின் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் ஒரு பக்கம், என்னவள் இப்படிப் பேசுவாளா என்கிற பெருமை ஒரு பக்கம். தோளில் புளிசேரி, கண்ணில் தண்ணீர். கைதட்டலாம் என்றால் கையில் வாளி.

சாயங்காலம் கலா பஸ் பிடித்துத் திருவட்டாறுக்கு வந்தாள். அவளை எதிர்கொள்ளத் தைரியமில்லாமல் கைகழுவுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவளே வந்தாள்.

"போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா," என்றேன், வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல்.

"காலத்தே சொன்னேனே. நாகர்கோவில் போறேன், நானும் பேரு குடுத்திருக்கேன்னு. நீங்க இஸ்திரி போட்டுட்டு 'ம்'ன்னிய."

"கூட இருந்தவங்க என்ன சொன்னாவ?"

"பக்கத்துல குளச்சல்காரி ஒருத்தி, மீன் ஊறுகா போடுறவ. நீங்க மாமாகிட்ட பேசினத கேட்டுட்டு, 'ஆருக்க மாப்பிள்ளையோ, அந்தப் பெண்ணு பாவம்'ன்னா. நானும் 'பாவந்தான்'னேன்."

"தப்பு எனக்கதுதான் கலா. எனக்க மூளையும் மண்ணும். நீ இல்லேன்னா கம்பெனியே இல்ல."

"அத எங்கிட்ட சொன்னா ஆச்சா? சொன்ன எடத்துல போயி சொல்லுங்க."

போனேன். பரமு மாமா மூன்று மருமகன்மார் நடுவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும், "மாமா, உச்சைக்குப் பந்தியில நான் சொன்னது பொய். கம்பெனி கலாவுக்கது. எனக்கு விளம்பத்தான் தெரியும்" என்றேன். மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "அது எங்களுக்கு அப்பவே தெரியும்டே" என்றார்.

திரும்பி வந்தபோது கலா அனன்யாவின் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அந்தக் கோவை அம்மா கேட்ட மாதிரி வாரம் தவறாம சரக்கு போணும்னா எனக்கு ஒத்தைக்கு ஆவாது. காய் பாக்கேன், சீவுறேன், வறுக்கேன். பாக்கெட் கட்ட, வண்டில ஏத்த, கடைக்காரங்ககிட்ட பேச ஒரு ஆளு வேணும். அந்த ஆளு போனுக்குள்ள இருந்தா நடக்காது."

அந்த இடத்திலேயே மேனேஜருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். பேசுவதற்கு முன்னால் மைக் திறந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். சாதாரண போன் பேச்சுக்கு அது தேவையில்லை என்று அனன்யாதான் சொன்னாள்.

இப்போது பொட்டலத்தில் 'ஸ்ரீகலா ஏத்தங்காய் சிப்ஸ்' என்று இருக்கிறது. குளோபலும் எக்ஸ்போர்ட்ஸும் என் பழைய விசிட்டிங் கார்டோடு போயின. குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் நான் வாளியைத் தொடுவதற்கு முன்னால் யாராவது வந்து, விமான நிலையத்தில் செய்வதுபோல என் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். போன வருடம் அதே கருத்தரங்கத்துக்குக் கலாவைப் பேசக் கூப்பிட்டார்கள். நேரிலா, ஆன்லைனா என்று கேட்டதற்கு, "நான் நேரில வாறேன். அவரும் வருவாரு, சிப்ஸ் விளம்ப ஆளு வேணுமே" என்றாள். போனேன், அறுபது பேருக்கும் விளம்பினேன். பயிற்சியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார், இன்னிக்கு அவியல் இல்லையா?" என்று கேட்டார்.

இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோது, பிள்ளைகளையே நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்களாம். தந்தையின் தொழில் என்ற இடத்தில் அனன்யா 'விளம்புதல்' என்று எழுதிவிட்டாள். புதிதாக வந்த டீச்சர் பழைய படிவத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மக்கா, அப்பா கல்ஃபுலல்லா இருக்காரு?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல டீச்சர். வீட்டுல இருக்காரு," என்றாளாம் என் மகள்.

கையெழுத்துக்காகப் படிவம் என்னிடம் வந்தது. ஒரு எழுத்தையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.